சுவரில் ஒட்டிய அத்தை

கேமராவைத் தூக்கினால் அத்தை கத்திரியைக் கீழே வைத்துவிடுவாள். அதற்கு மேல் யார் கெஞ்சினாலும் நடக்காது. மடியில் கிடக்கும் சட்டையைத் தட்டி ஒதுக்கிவிட்டு, முந்தானையை இழுத்துச் சரிசெய்து, நேராக லென்ஸைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். சிரிக்க மாட்டாள், முறைக்கவும் மாட்டாள். ரேஷன் கடையில் நம் முறை எப்போது வரும் என்று நிற்போமே, அந்த முகம்.

பம்பாய் தாராவியில், லேபர் கேம்ப்பில், கல்லி என்று நாங்கள் சொல்லும் எங்கள் சந்தில்தான் இருந்தாள். தையல் கார்கானாவிலிருந்து மூட்டை மூட்டையாகச் சட்டைகள் வரும். தையல் முடிந்த இடத்தில் தொங்கும் நூலையெல்லாம் வெட்டிக் கொடுப்பது அவள் வேலை. காலையில் வாசலில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் வரை வெட்டுவாள். புருஷன் தோல் பட்டறையில் வேலை பார்த்துச் செத்துப்போனார். பிள்ளை குட்டி கிடையாது. சொந்த அத்தையும் இல்லை எனக்கு. கல்லி முழுக்க அவளை அத்தை என்றுதான் கூப்பிடும். என்னை மட்டும் அவள் "மருமவனே" என்பாள். எனக்குக் கல்யாணமாகி ரெண்டு பிள்ளைகள் பிறந்து, செம்பூருக்குக் குடி போன பிறகும் அப்படித்தான். இப்போது அந்தக் கல்லியில் அத்தையும் இல்லை, அந்தச் சுவரும் இல்லை.

என் பிழைப்பு போட்டோகிராபர்களைக் கூட்டிக்கொண்டு திரிவது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தாவது ஒருவர் வருவார். கேமராப் பையும், சுத்திகரித்த தண்ணீரும், ஒரு யோசனையும் கொண்டு வருவார். அந்த யோசனைக்கு 'புராஜெக்ட்' என்று பெயர். ஒருவர் வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளை மட்டும் எடுத்தார். ஒருவர் மழைக்குக் கட்டிய நீலத் தார்ப்பாயின் வழியாகத்தான் எதையும் எடுப்பேன் என்றார். படத்தில் எல்லா மனுஷரும் குளத்துக்குள் முங்கினவர்கள் மாதிரி வந்தார்கள். ஒருவர் மரப்பெட்டி கேமராவைத் தூக்கி வந்து, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு மே மாத வெயிலில் மயங்கி விழுந்தார். நான் வழி காட்டுவேன், மொழிபெயர்ப்பேன், குடை பிடிப்பேன், நாய் விரட்டுவேன். படம் கைக்கு வரும் என்று கல்லியில் எல்லாரிடமும் சொல்லுவேன். வராது. அவர்கள் கேட்பது என்னிடம்தான். சலித்துப்போய்விட்டது, வேறென்ன சொல்ல?

முதன்முதலாக அத்தையிடம் நான் கூட்டிப்போனது ஒரு ஜெர்மன்காரரை. நல்ல மனுஷன். அவருக்குக் கைகள் மட்டும் போதும். நூல் வெட்டும் கை, கத்திரி, அதன் மேல் விழும் வெளிச்சம். அவர் கேமராவைத் தூக்கினார், அத்தை கத்திரியை வைத்தாள். இறக்கினார், எடுத்தாள். தூக்கினார், வைத்தாள்.

"வேலையைப் பாக்கச் சொல்லுதாரு அத்தை. நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்கிடுங்கங்காரு."

"இவ்வளவு பெரிய ஆளு வாசல்ல வந்து நிக்கான், இல்லைன்னு எப்பிடில நினைக்க?"

"கை மட்டும்தான் வேணுமாம்."

"மூஞ்சி என்ன பாவம் பண்ணிச்சாம்? தலையில்லாத முண்டமா எடுத்துட்டுப் போயி அவன் ஊர்ல காட்டுவானாக்கும்? என்னைய எடுக்கணும்னா எடுக்கட்டும். கத்திரிய எடுக்கணும்னா நாக்கா முக்குல கடையில விக்கான், வாங்கித் தா."

அன்று சாயங்காலம் வரை அவர் காத்திருந்தார். அத்தையும் காத்திருந்தாள். கார்கானாவிலிருந்து மூட்டையை வாங்க ஆள் வந்து, பாதிகூட முடியவில்லை என்று கத்திவிட்டுப் போனான். அத்தைக்கு அன்றைய கூலி போனது, அவருக்கு அன்றைய வெளிச்சம் போனது. கடைசியில் அவர் முகத்தை எடுத்துக்கொண்டு போனார். அவரைக் கிங்ஸ் சர்க்கிளுக்குக் கூட்டிப்போய் காபி வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. "சரியான பிடிவாதக்காரி" என்பதை அவர் பாஷையில் என்னவோ சொன்னார். நானும் ஆமாம் என்றேன்.

பிடிவாதம் என்று சொன்னால் போதாது. எங்கள் பக்கம் அதற்கு வீம்பு என்று பெயர். பிடிவாதக்காரிக்கு ஏதாவது வேண்டும். அது கிடைத்தால் விட்டுவிடுவாள். வீம்புக்காரிக்கு எதுவும் வேண்டாம். எதிராளி ஓரடி முன்னால் வர வேண்டும், அவ்வளவுதான். ஒருநாள் குழாயடியில் யாரோ அவள் குடத்தை நகர்த்திப் பின்னால் வைத்துவிட்டார்கள். அத்தை சண்டை போடவில்லை. நேரே போய்க் குழாயைத் திருகி மூடி, கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் வருகிற நேரமோ கொஞ்ச நேரம். கல்லியே கத்துகிறது. "நகத்துனவ வந்து திருப்பி வைக்கட்டும்." அவ்வளவுதான் பேச்சு. நகர்த்தினவள் யாரென்று அத்தைக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும். அவளை வீட்டிலிருந்து இழுத்து வந்து, குடத்தை முன்னால் வைக்கச் சொன்ன பிறகுதான் கை குழாயை விட்டது. அப்புறம் அந்தப் பெண்ணின் குடத்தைத் தானே முதலில் பிடித்தும் கொடுத்தாள். என்ன ஜென்மமோ என்று என் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

இந்த வீம்பெல்லாம் சில்லறை. பெரிய வீம்பு ஒன்று இருந்தது, ஊரில் இருந்த தம்பியோடு.

வருஷா வருஷம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு எங்கள் கல்லியில் பாதிப் பேர் திருநெல்வேலிப் பக்கம் ரயிலேறிவிடுவார்கள். வீடுகள் பூட்டிக் கிடக்கும். அத்தை மட்டும் வாசலில் உட்கார்ந்து நூல் வெட்டிக்கொண்டிருப்பாள். "போவலையா அத்தை?" என்று கேட்டால் "அவன் கூப்பிடட்டும்" என்பாள். ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்து, உன் தம்பி வீட்டைப் பெரிதாக எடுத்துக் கட்டியிருக்கிறான், மகனுக்குப் பெண் பார்க்கிறான், சர்க்கரை வியாதி வந்து கால் விரலை எடுத்திருக்கிறார்கள் என்றெல்லாம் சொல்லுவார்கள். அத்தை எதுவும் கேட்க மாட்டாள். ஆனால் அவர்கள் எழுந்து போகும் வரை ஒரு சட்டையையும் முடித்திருக்க மாட்டாள்.

என்ன சண்டை என்று நான் கேட்டதில்லை. ஒருநாள் மழை பெய்துகொண்டிருந்தது, மூட்டை வரவில்லை, அவளே சொன்னாள். அவளுடைய அம்மா செத்த தகவல் கல்லி முனையிலிருந்த டெலிபோன் கடைக்கு வந்திருக்கிறது. அழுதுகொண்டே ரயிலேறிவிட்டாள். சித்திரை மாசம். ஊரில் அப்போது ஐஸ் பெட்டி கிடையாது. பெரியவர்கள் தாங்காது, எடுத்துவிடலாம் என்று சொல்ல, தம்பியும் சரி என்றுவிட்டான்.

"ரெண்டு ராத்திரி ரயில்ல ஒத்தக் கால்ல நின்னுட்டுப் போனேன் மருமவனே. எடுத்திருப்பானோ, எடுத்திருக்க மாட்டானோன்னு. போயி எறங்குனா வீட்டைக் கழுவி விட்டிருக்கான். தரையில ஈரம் காயல. அந்த ஈரத்துல கால வச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

"வெயில் காலம்லா அத்தை..."

"நீயும் அதையே சொல்லு. ஒரு நா கூட வச்சிருக்கலாம். அக்கா வாராள்னு சொல்ல அவனுக்கு வாயில்ல பாத்தியா." சாரல் அடித்த வாசலிலிருந்து காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். "அந்த ஈரத்தோட திரும்பி வந்தவதான். இனி அவனா வந்து கூப்பிடாம அந்த ஊருல கால் வைக்கமாட்டேன்."

அதன் பிறகு டெல்லியிலிருந்து ஒருவர் வந்தார், சின்ன வயசு. அப்போது தாராவியை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்று பேச்சு பலமாகியிருந்தது. சர்வேக்காரர்கள் வீடு வீடாக வந்து, நம்பர் எழுதி, வாசலில் ஆளை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் ஆட்களுக்கு அந்த வருஷம் போட்டோவுக்கு நின்றே கால் வலித்தது. டெல்லிக்காரரின் யோசனை என்னவென்றால், நாளைக்கு வீட்டை இடித்தால் எந்த ஒரு பொருளை எடுத்துக்கொண்டு போவீர்களோ அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒருவர் முருகன் படத்தோடு நின்றார். ஒருத்தி மிக்ஸியோடு. ஒரு கிழவர் சின்ன டிவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. என் அம்மாகூட ஆதார் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் பையோடு நின்றாள். அத்தை வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"ஏதாவது எடுத்துட்டு வரச் சொல்லுதாரு."

"எதை எடுக்க?"

"உங்களுக்கு எது முக்கியமோ அதை."

"கொண்டு போயி வைக்க ஒரு வீடு இருந்தால்லா பொருளு எடுக்க. எனக்கு எங்க இருக்கு?"

நான் இதை இந்தியில் சொன்னதும் அந்தப் பையனுக்குக் கண்ணெல்லாம் மின்னியது. அப்படியே எடுத்தார். நரிமன் பாயிண்ட் பக்கம் ஒரு கேலரியில் அந்தப் படம் தொங்கியது. ஏசி குளிரில், வெள்ளைச் சுவரில், அத்தை வெறுங்கையோடு நின்றாள். ஒரு அம்மாள் ஒயின் கிளாஸோடு நின்று வெகுநேரம் பார்த்து "பவர்ஃபுல்" என்றார். நான் கல்லிக்கு வந்து, எல்லாரும் உங்களைத்தான் பார்த்தார்கள் அத்தை என்றேன். "என் தம்பி வீட்டு ஆளுக யாரும் வந்திருந்தாவளா?" என்று கேட்டாள். கேலரி எங்கே, அவள் தம்பி எங்கே. நான் இல்லை என்றேன். "அப்புறம் எதுக்கு?" என்று சட்டையை எடுத்துக்கொண்டாள். 

அத்தையிடம் கடைசியாக நான் கூட்டிப்போனது ஒரு பனி நாட்டுக்காரியை. உயரமாக, மூக்கு சிவந்து, எப்போது பார்த்தாலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பாள். அவள் முகங்களை ஆள் உயரத்துக்குக் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் போட்டு, அவரவர் கல்லியிலேயே சுவரில் ஒட்டுகிறவள். ஆப்பிரிக்காவில், பிரேசிலில் எல்லாம் ஒட்டியிருக்கிறாள். "இடிக்க வருகிறவர்கள் முதலில் இந்த முகங்களைப் பார்க்கட்டும்" என்பாள். நல்ல யோசனையாகத்தான் பட்டது. எல்லாரையும் நேராகப் பார்க்கச் சொல்லி எடுத்தாள். அத்தையோடு அவளுக்குத் தகராறே வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு போட்டோகிராபர், அத்தை நினைத்த மாதிரியே எடுத்தாள்.

படங்களை லேப்டாப்பில் எல்லாருக்கும் காட்டினோம். அழகு அழகு என்றார்கள். கீழே தமிழில் பெயரும், பிறந்த வருஷமும் போட வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். நான்தான் எழுதிக் கொடுத்தேன். (அத்தையின் பெயரை இங்கே எழுதவில்லை. சுவரில் எழுதியதே போதும்.) கறுப்பு வெள்ளை முகம், கீழே பெயர், அதற்குக் கீழே வருஷம். அது என்ன என்று அப்போது ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதாப் பசை காய்ச்சி, வாசம் வரத் தடவி, சுவரில் ஏற்றி நிமிர்ந்து பார்த்த பிறகுதான் தோன்றியது. கல்லி முழுக்கக் கண்ணீர் அஞ்சலி.

ஐயோ, அன்றைக்குப் பட்ட பாடு! அடுத்த கல்லிக்காரர்கள் எட்டிப் பார்த்து, என்ன, ஒரே நாளில் இத்தனை பேரா, கேஸ் சிலிண்டர் வெடித்ததா என்று கேட்டார்கள். மீன் விற்கிறவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒப்பாரிக்கே உட்கார்ந்துவிட்டாள். யாரோ ஒரு புண்ணியவான் ஊதுவத்தி கொளுத்திச் செருகினான். ஒரு தாய் தன் மகனின் படத்தை நகத்தாலேயே கிழித்தாள். கிழிக்கக் கிழிக்க அழுதாள். மகன் பக்கத்திலேயே நின்று "அம்மா, நான் இங்கதான இருக்கேன்" என்கிறான். பனி நாட்டுக்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. நான் விளக்கியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் மேல் தப்பா, அவள் மேல் தப்பா என்று ஆராய எனக்கு இன்றைக்கும் தெம்பில்லை.

மத்தியானத்துக்குள் எல்லாப் படத்தையும் கிழித்துவிட்டார்கள், ஒன்றைத் தவிர.

"அத்தை, தண்ணி ஊத்தி உரிச்சிருவோம்."

"எதுக்கு?"

"செத்தவங்களுக்கு ஒட்டுன மாதிரி இருக்குல்லா."

"இருந்தா? செத்துருவேனா? ஒட்டுனது ஒட்டுனதுதான்." தன் படத்தைத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "நல்லாத்தான் எடுத்திருக்கா. கலர்ல எடுத்திருக்கலாம்."

கல்லியே சொல்லிப் பார்த்தது. சொல்லச் சொல்ல அவளுக்கு வீம்பு ஏறியது. படம் சுவரிலேயே இருந்தது. சாயங்காலம் அந்தப் பக்கம் போன யாரோ ஊர்க்காரர் அதைப் போனில் எடுத்து ஊர் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார். உடனே கைகூப்பும் பொம்மைகளாக வந்து விழுந்திருக்கின்றன. கொஞ்ச நேரம் கழித்து எங்கள் கல்லிக்காரர் ஒருவர், "யோவ், நம்ம அத்தை நல்லாருக்காவ, இப்பதான் டீ குடிச்சாவ" என்று போட்டிருக்கிறார். அதற்குள் அங்கே ஒருவர் வீட்டைவிட்டுக் கிளம்பியிருந்தார்.

மறுநாள் மத்தியானம் நான் பனி நாட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு கல்லிக்கு வந்தேன். எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லியிருந்தாள். அத்தை வாசலில் சட்டைகளோடு இருந்தாள். அவள் வாசலிலிருந்து பார்த்தால் படம் ஒட்டின சுவர் தெரியாது, ஒரு திருப்பம் தள்ளி. அந்தப் பக்கமிருந்து ஓர் ஆம்பிளை அழுகிற சத்தம் வந்தது. வாய்விட்டு, மாரில் அடித்துக்கொண்டு, "எக்கா, எக்கா" என்று.

அத்தை எழுந்துவிட்டாள். சட்டைகள் மடியிலிருந்து கொட்டின. நாங்களும் பின்னாலேயே ஓடினோம்.

வெள்ளை வேட்டி, கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. ஒரு கால் செருப்புக்குள் துணி சுற்றியிருந்தது. சுவரில் இருந்த அத்தையின் காலடியில், இல்லை, அந்தப் படத்தில் கால் இல்லை, அதன் கீழ் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டு மனுஷன் கதறிக்கொண்டிருந்தார். தூத்துக்குடியிலிருந்து மெட்ராஸ், மெட்ராஸிலிருந்து பம்பாய் என்று முதன்முதலாகப் பிளேன் ஏறி வந்திருக்கிறார். ஏறும்போது போனை அணைக்கச் சொன்னார்கள், அணைத்துவிட்டார். இறங்கின பிறகு போடலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அத்தை நல்லாயிருக்கிறாள் என்று குரூப்பில் வந்ததை மகன் அன்று காலையில்தான் பார்த்திருக்கிறான்; அவன் அடித்த போனெல்லாம் அந்த அணைந்த போனுக்குத்தான் போயிருக்கிறது.

திரும்பினார். அத்தை நிற்கிறாள். அவர் படத்தைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். அப்படியே சரிந்து சாக்கடைக் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று கல்லியே காத்திருந்தது. அத்தை என் பக்கம் திரும்பினாள்.

"யாருன்னு கேளு."

"அத்தை..."

"கேளுல."

நான் போய், "யாருன்னு கேக்காவ" என்றேன். அவர் வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "உசுரோட இருக்காளான்னு கேளுங்க தம்பி."

பல வருஷமாக எத்தனையோ பாஷைக்காரர்களுக்கு மொழிபெயர்த்திருக்கிறேன். தமிழிலிருந்து தமிழுக்கு அன்றைக்குத்தான். வீட்டுக்குள் கூட்டிப்போய், அத்தை கட்டிலில், அவர் தரையில், நான் நடுவில். பனி நாட்டுக்காரி வாசலில் நின்றாள். கேமரா கழுத்தில் தொங்கியது. அவள் அதைத் தொடவில்லை. என்ன பேசுகிறார்கள் என்று கண்ணாலேயே கேட்டாள். போ தாயே, எனக்கே முடியவில்லை என்று கையைக் காட்டினேன்.

"ஏரோப்ளேன்ல வர என்ன அவசரம்னு கேளு."

"எடுத்துருவாங்கன்னு சொல்லுங்க. பிள்ள குட்டி இல்லாதவ, பம்பாய்ல யாரு வச்சிருப்பா? பிறந்த வீட்டுக் கோடி விழாம என் அக்கா போயிரக்கூடாதுன்னு வந்தேன்." பையை லேசாகத் தூக்கிக் காட்டினார். பெண் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாலும், கடைசியில் அவள் மேல் பிறந்த வீட்டுச் சேலை விழ வேண்டும் எங்களுக்கு. அண்ணன் தம்பி கொண்டு வர வேண்டும். அது விழாமல் போனால் நாதியற்றுப் போனவள் என்று பேச்சு வரும். அத்தை பையைப் பார்க்கவில்லை.

"வாற வழியெல்லாம் எப்பிடி இருந்துச்சுன்னு கேளு."

 "பச்சத் தண்ணி எறங்கலன்னு சொல்லுங்க. எடுத்திருப்பாங்களோ, எடுத்திருப்பாங்களோன்னு வயித்துல தீய வச்ச மாதிரி."

"எனக்கு அது ரெண்டு ராத்திரின்னு சொல்லு."

நான் சொல்லவில்லை. அவருக்குக் கேட்டிருந்தது. தலையைக் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. இந்த மனுஷன் வந்துவிட்டான்தான். ஆனால் வந்தது செத்தவளுக்கு. இருக்கிறவளைக் கூப்பிட ஒரு வார்த்தை சொல்லாமல் இப்படியே எழுந்து போய்விட்டால் அத்தை அதோடு முடிந்தாள். அது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

அத்தை கையை நீட்டி அந்தப் பையை இழுத்தாள். உயிரோடு இருக்கிறவள் கோடியைத் தொடலாமா என்று வாசலில் ஒருத்தி பதறினாள். அத்தை சேலையைப் பிரித்து மடியில் போட்டாள். சிவப்பில் மஞ்சள் கட்டம், மொடமொடவென்று கஞ்சி போட்டது.

"ஏலே, இந்தக் கலரையாடா எனக்கு எடுத்த?"

அவர் நிமிர்ந்தார். "அவசரத்துல எடுத்ததுக்கா. கடையை மூடுத நேரம்."

"அக்கா செத்துட்டான்னா ஒரு நல்ல சேலை எடுக்க மாட்டியா? பாவாடை கலரு மாதிரி இருக்கு. அவ்வளவுதானா உனக்கு நான்?"

"தப்புதான்க்கா."

"தப்புதான்." சேலையை மடித்தாள். "இத வச்சிட்டுப் போ. இன்னொரு தடவ நீ வருவியோ மாட்டியோ."

"வரமாட்டேன்." வெறும் பையைச் சுருட்டிக்கொண்டார். "உனக்கு ஒரு தடவை அழுதாச்சு எக்கா. இன்னொரு தடவை அழ எனக்குத் தெம்பு கெடையாது. உனக்கு முன்ன நான் போயிருதேன். நீ அங்க வா. கொடைக்கு வா. எப்ப வேணாலும் வா. நான் கூப்பிட்டிருக்கணும். கூப்பிடுதேன், வா."

அத்தை மடித்த சேலையைத் தலைமாட்டில் வைத்தாள். பிறகு, "உன் பிள்ளைககிட்ட சொல்லி வை" என்றாள். "அத்தை வர வரைக்கும் எடுக்கக்கூடாதுன்னு."

"சொல்லி வைக்கேன்."

"ஐஸ் பெட்டியெல்லாம் வந்துட்டுல்லா இப்ப."

"வந்துட்டுக்கா."

"சரி, கையக் கழுவு. சோறு இருக்கு."

நான் வெளியே வந்துவிட்டேன். பனி நாட்டுக்காரி என் தோளைத் தொட்டு என்ன ஆயிற்று என்றாள். சாப்பிடுகிறார்கள் என்றேன். 

போகும்போது அவர் என் நம்பரை வாங்கிக்கொண்டு போனார், நீங்கதான தம்பி நடுவுல இருந்தீங்க என்று. அந்த வருஷக் கொடைக்கு அத்தை போகவில்லை, மூட்டை நிறைய வந்துவிட்டது. அடுத்த வருஷம் கட்டாயம் என்றாள். சித்திரையில் ஒரு காலை, நான் ஒரு கொரியாக்காரருக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கும்போது திருநெல்வேலி நம்பரிலிருந்து போன் வந்தது. ஒரு வாலிபக் குரல். அழுது ஓய்ந்த குரல்.

"அண்ணாச்சி, அப்பா போயிட்டாவ. அத்தைகிட்டப் பைய சொல்லுங்க. அவசரப்பட்டு ஓடி வர வேண்டாம். பிளேனுக்கு டிக்கெட் கிடைக்கலைன்னா ரயில்லயே வரட்டும். நாங்க வச்சிருக்கோம்."